குடல் செருகல் மறுபடி வந்தால்: குறிஞ்சிப்பாடிப் பெற்றோருக்கு ஒரு விரிவான பதில்

குறிஞ்சிப்பாடியைச் சேர்ந்த ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவருடைய ஒன்பது மாதப் பெண் குழந்தை மூன்று வாரங்களுக்கு முன்பு விட்டு விட்டு வீறிட்டு அழுதது, வாந்தி எடுத்தது, மறுநாள் மலத்தில் இரத்தம் கண்டது. புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, குடல் குடலுக்குள் செருகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, ஆசனவாய் வழியாக உப்பு நீர் ஏற்றிச் சரிசெய்து அனுப்பினார்கள். சென்ற வாரம் அதே தொல்லை திரும்பி வந்தது. அதே முறையில் மறுபடியும் சரிசெய்தார்கள். முதல் தடவையே ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார்கள், வெறும் தண்ணீரை வைத்துக் காலம் கடத்துவதைவிட ஒரேயடியாக ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். மருத்துவரோ இப்போது அது தேவையில்லை என்கிறார். யார் சொல்வது சரி, இனியும் வருமா, அடுத்த மாதம் காட்டுமன்னார்கோயிலில் குலதெய்வம் கோயிலில் வைத்திருக்கும் காதுகுத்துக்குக் குழந்தையை அழைத்துப் போகலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் குழந்தைகள் அறுவை சிகிச்சையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நீங்கள் விவரித்ததை மட்டும் வைத்து எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் சொன்னது சரி. குடல் செருகல் திரும்பி வந்ததாலேயே முதல் சிகிச்சை தவறாகிவிடாது. தண்ணீர் அல்லது காற்றின் அழுத்தத்தால் சரிசெய்யப்பட்ட நூறு குழந்தைகளில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு, ஆய்வுக்கு ஆய்வு 8 முதல் 13 பேர் வரை, இது மறுபடி வருகிறது. மிகத் தேர்ந்த கைகள் செய்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. ஏன் என்று புரிந்துகொண்டால் உங்கள் மனக்குறை பாதி தீரும்.

நீளமான சட்டைக் கையைக் கழற்றும்போது ஒரு பகுதி மறு பகுதிக்குள் சுருண்டு நுழைந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி, வலது அடிவயிற்றில் பெருங்குடல் தொடங்கும் இடத்தில், அப்படித்தான் பெருங்குடலுக்குள் நுழைந்துகொள்கிறது. குடல் உணவைத் தள்ளுவதற்காக இயல்பாக எழுப்பும் அலையே, நுழைந்த பகுதியையும் ஓர் உணவுக் கவளம் என்று எண்ணியதுபோல மேலும் மேலும் உள்ளே தள்ளுகிறது. அலை வரும்போது வலி, அலை ஓய்ந்தால் ஓய்வு. குழந்தை விட்டு விட்டு அழுவதற்கு இதுவே காரணம். உள்ளே நுழைந்த குடலோடு அதற்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்களும் இழுபட்டு நசுங்குகின்றன. மெல்லிய சிரைகள் முதலில் அடைபடுவதால் குடல் வீங்கி, சளியும் இரத்தமும் கசிந்து சிவப்பு ஜெல்லி போன்ற மலமாக வெளியேறுகிறது. மேலும் நேரம் போனால் தமனியும் அடைபட்டு, அந்தப் பகுதி அழுகத் தொடங்கும். ஆகவே இரத்தம் கலந்த மலம் என்பது நோயின் முதல் மணி அன்று. அதற்கு முன்பே பல மணி நேரம் கடந்திருக்கும்.

இது தொடங்குவது ஏன்? மூன்று மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள், குறிப்பாக ஐந்து மாதம் முதல் ஒன்பது, பத்து மாதம் வரையிலான குழந்தைகளில், பத்தில் ஒன்பது பேருக்குத் தனியாகக் காட்டக்கூடிய கட்டியோ பிறவிக் குறையோ இருப்பதில்லை. அந்தக் கடைசிச் சிறுகுடலின் சுவரில் நோய் எதிர்ப்புக்கான நிணத் திட்டுகள் உள்ளன. சளி, இருமல், வயிற்றுப்போக்கு என்று ஏதேனும் வைரஸ் தொற்று வந்துபோன பின் அவை வீங்கிப் புடைக்கின்றன. அந்தப் புடைப்பைப் பற்றிக்கொண்டு குடல் அலை இழுக்கும்போது செருகல் தொடங்குகிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இப்போது யோசித்துப் பாருங்கள்: உப்பு நீர் செருகிய குடலை வெளியே தள்ளிவிடுகிறது, ஆனால் வீங்கிய நிணத் திட்டை அது கரைப்பதில்லை. அந்த வீக்கம் வடிய நாளும் வாரமும் ஆகும். அதுவரை அதே இடத்தில் அதே இழுப்புக்கு வாய்ப்பு இருந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் குழந்தைக்கு நடந்திருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

'வெறும் தண்ணீர்' என்று உறவினர்கள் சொல்வது எனக்கு வருத்தமளிக்கிறது. டென்மார்க்கின் ஹரால்டு ஹிர்ஷ்ஸ்ப்ரங் என்ற குழந்தை மருத்துவர் 1876-லேயே நீரழுத்தத்தால் குடல் செருகலைச் சரிசெய்த அனுபவத்தை வெளியிட்டார். பிறகு பேரியம் கரைசலை ஏற்றி எக்ஸ்ரே திரையில் பார்த்துச் செய்தார்கள். பிறகு காற்று வந்தது. இன்று பல இடங்களில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் தொங்கவிட்ட உப்பு நீரின் அழுத்தத்தால் செய்கிறார்கள். இதில் கதிர்வீச்சு இல்லை என்பதால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் செய்வதற்குத் தயக்கம் தேவையில்லை. நல்ல மையங்களில் நூறில் எண்பது, தொண்ணூறு குழந்தைகளுக்கு இது பலிக்கிறது. செய்யும்போது குடலில் ஓட்டை விழும் ஆபத்து நூறில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. திரும்பி வந்த செருகலுக்கும் இது முதல் முறையைப் போலவே, பல நேரம் அதைவிட எளிதாகவே பலிக்கிறது. இரண்டாம் முறை பெற்றோர் சீக்கிரம் கண்டுகொண்டு வந்துவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது என் அனுபவம்.

சரி, ஆபரேஷன் செய்தால் வராதா என்றால், அதற்கும் நேரான பதில் சொல்ல வேண்டும். வயிற்றைத் திறந்து, செருகிய குடலைக் கையால் பிதுக்கி எடுத்துச் சரிசெய்தாலும் நூறில் ஒன்று முதல் நான்கு குழந்தைகளுக்குத் திரும்ப வருகிறது. செருகும் பகுதியையே வெட்டி எடுத்துத் தைத்தால்தான் திரும்புவது அபூர்வமாகிறது. குடலை வயிற்றுச் சுவரோடு தைத்து நிறுத்துவதும் ஒரு காலத்தில் செய்யப்பட்டது; அது மறுவரவைத் தடுக்கிறது என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை. ஒருமுறை திறந்த வயிற்றினுள் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஆண்டுகள் கழித்துக்கூட அடைப்பு உண்டாகலாம்; மயக்க மருந்தும் காயமும் மருத்துவமனைத் தங்கலும் இருக்கின்றன. பெரும்பாலும் தானாக அடங்கிவிடக்கூடிய ஒரு காலகட்டத்தைக் கடப்பதற்காக, நல்ல குடலை வெட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்படியானால் ஆபரேஷன் எப்போது? வயிறு கல்லாக இறுகி, குடல் ஓட்டையின் அறிகுறிகள் தெரிந்தால்; திரவம் ஏற்றியும் குழந்தையின் இரத்த ஓட்டம் தேறாமல் இருந்தால்; நீரோ காற்றோ வைத்து முயன்றும் செருகல் விலகாவிட்டால்; அல்லது செருகலை இழுத்துச் செல்லும் ஒரு பொருள் குடலில் இருப்பது தெரிந்தால். இத்தனையாவது தடவை வந்தது என்ற எண்ணிக்கை மட்டுமே கத்தியைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் எண்ணிக்கை கூடக்கூட, அந்தக் கடைசிக் காரணத்தைத் தேட வேண்டிய கடமை மருத்துவருக்குக் கூடுகிறது.

அந்தக் காரணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறுவரவில் உண்மையாகக் கவலைப்பட வேண்டிய இடம் இது ஒன்றே. மெக்கல் பை என்று ஒன்று உண்டு. கருவில் தொப்புள்கொடியோடு குடலை இணைத்திருந்த குழாயின் மிச்சம், சிறுகுடலில் விரல் நுனி அளவுக்கு ஒரு துருத்தலாக நூறு பேரில் இரண்டு பேருக்கு இருக்கும். பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுவதும் தொல்லை தராது. சிலருக்கு அது உட்புறமாகத் திரும்பிச் செருகலுக்கு முனையாகிவிடும். குடல் பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி), பிறவியிலேயே குடலை ஒட்டி வளர்ந்த இரட்டைக் குடல் நீர்க்கட்டி, அபூர்வமாக நிணத்திசுப் புற்றுக்கட்டி ஆகியவையும் அப்படி முனையாகலாம். கால்களில் செந்நிறத் தடிப்புகளும் மூட்டு வலியும் வரும் ஹெனாக்-ஷோன்லைன் நோயில், குடல் சுவரில் இரத்தம் கட்டிச் செருகல் ஏற்படுவதும் உண்டு. பொதுவாக, செருகலுக்கு இப்படியொரு காரணம் இருக்கும் வாய்ப்பு குழந்தையின் வயது ஏறஏற அதிகம். ஐந்து வயதுச் சிறுவனுக்கு ஒருமுறை வந்தாலே நான் தேடியிருப்பேன்; ஒன்பது மாதக் குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் இரண்டு முறை வந்திருப்பதை, பழைய வீக்கம் வடியாததன் தொடர்ச்சியாகவே முதலில் பார்ப்பேன். இருந்தாலும் உங்கள் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: செருகல் விலகியபின் எடுத்த ஸ்கேனில், அந்த இடத்தில் கட்டியோ பையோ தெரிகிறதா என்று தனியாகப் பார்த்தார்களா? மூன்றாவது, நான்காவது முறையும் வந்தாலோ, இடையில் குழந்தைக்கு வலியில்லாமல் கருஞ்சிவப்பாக மலத்தில் இரத்தம் போனாலோ, எடை கூடாமல் இளைத்தாலோ, இரத்தசோகை தெரிந்தாலோ, மெக்கல் பைக்கென உள்ள ஐசோடோப்பு ஸ்கேன் (சிறிதளவு கதிரியக்கப் பொருளை நரம்பில் செலுத்தி எடுப்பது) முதலியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. அந்த வசதியை எங்கே செய்துகொள்ளலாம் என்று அவரே வழிகாட்டுவார். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறையும் அணுக்கதிர் மருத்துவத் துறையும் ஒரே வளாகத்தில் இருப்பது நம் பகுதி மக்களுக்கு வாய்த்த ஒரு வசதி.

மறுவரவு எப்போது வரும் என்பதற்கு ஓரளவு கணக்கு உண்டு. முதல் இரண்டு நாட்களுக்குள் நூறில் மூன்று முதல் ஏழு பேருக்கு வந்துவிடுகிறது. சிகிச்சைக்குப் பின் சில மணி நேரமாவது மருத்துவமனையில் இருக்கச் சொல்வது இதற்காகத்தான். மிச்சமுள்ளவற்றில் பெரும்பகுதி ஆறு மாதத்துக்குள் வருகிறது. இரண்டு முறை வந்த குழந்தைக்கு இன்னொரு முறை வரும் வாய்ப்பு, ஒருமுறை மட்டும் வந்த குழந்தையைவிடச் சற்றுக் கூடுதல்தான். இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனாலும் மாதங்கள் செல்லச் செல்ல அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

இனி, வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்? நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று கால்களை வயிற்றை நோக்கி மடக்கிக்கொண்டு வீறிடும், முகம் வெளிறும், ஓரிரு நிமிடத்தில் அடங்கும், பத்து, இருபது நிமிடம் கழித்து அதே அழுகை மறுபடி வரும். இடையில் துவண்டு தூங்கும். பசிக்கும் உறக்கத்துக்கும் அழும் குழந்தை தூக்கினால், பால் கொடுத்தால் அடங்கும். இது அடங்காது, தானாக நிற்கும், தானாகத் திரும்பும். வாந்தி முதலில் பாலாக, பிறகு பச்சையாக வரும். சில குழந்தைகள் அழவே மாட்டார்கள். வெளிறிப் போய், கூப்பிட்டால் பார்க்காமல், கந்தலாகத் தோளில் கிடப்பார்கள். அழவில்லையே என்று அந்த அமைதியை நம்பிவிடாதீர்கள். சிகிச்சை முடிந்த மறுநாள் இலேசான காய்ச்சலோ, முன்பே குடலில் தேங்கிய சளியும் இரத்தமும் ஒருமுறை வெளியேறுவதோ நடக்கலாம். குழந்தை கலகலப்பாக இருந்தால் அதற்காகப் பதற வேண்டாம், மருத்துவரிடம் தெரிவித்தால் போதும். அழுகையின் அந்த ஏற்ற இறக்கமும் துவளலும் வந்தால்தான் உடனே கிளம்ப வேண்டும்.

நம் ஊரில் இந்த இடத்தில்தான் நேரம் தொலைகிறது. குழந்தை இப்படி அழுதால் உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டு உருட்டுவார்கள். குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றை வழிப்பார்கள். தொக்கம் எடுக்க அழைத்துப் போவார்கள். செய்பவர்கள் குழந்தையின் மேல் உள்ள அன்பில்தான் செய்கிறார்கள், என் வீட்டுப் பெரியவர்களும் செய்தவர்கள்தான். ஆனால் செருகிய குடல் எந்த விரலின் வழிப்புக்கும் விலகாது; வீங்கி நைந்து போன குடலை வெளியிலிருந்து அழுத்துவது அதைக் கிழிக்கக்கூடும். வலி இடையிடையே தானாக அடங்குவதால், வழித்ததால் அடங்கியது என்று எல்லோருக்கும் தோன்றிவிடும். அடுத்த அழுகை வரும்போது இன்னொரு முறை வழிப்பார்கள். அப்படி இரண்டு இரவுகள் போய்விடும். உங்கள் குழந்தைக்கு இது ஏற்கெனவே இரண்டு முறை நடந்திருப்பதால், இனி ஒரு தடவைகூட வயிற்றைத் தடவ யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மறுவரவைப் பற்றி நான் மறக்காத ஒரு குழந்தை உண்டு. தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து வந்த ஆண் குழந்தை. முதல் செருகலை நாங்கள் நீரேற்றிச் சரிசெய்து அனுப்பினோம். பத்து நாள் கழித்து மாலையில் அதே அழுகை வந்ததும் தாய்க்குப் புரிந்துவிட்டது. இருட்டிவிட்டதால் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவரிடம் போனார். "அதேதான் திரும்ப வந்திருக்கிறது" என்று தாய் சொன்னதைக் காதில் வாங்காமல், பல் முளைக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். விடிகாலையில் இரத்தம் கலந்து போனதும், சீதபேதி என்று வேறு மருந்து. முதல் சிகிச்சையின் டிஸ்சார்ஜ் அட்டை அவர் கையில் இல்லை, அவர் சொன்னதற்கு அது ஒன்றுதான் சாட்சியாக இருந்திருக்கும். எங்களிடம் வந்தபோது மறுநாள் நண்பகல் தாண்டிவிட்டது. நீர் ஏற்றிப் பார்க்கும் கட்டத்தைக் குழந்தை கடந்திருந்தது; வயிற்றைத் திறந்து ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தோம். பிழைத்து வளர்ந்தான். ஆனால் முந்தின நாள் மாலையே வந்திருந்தால் அரை மணி நேர வேலை என்பதை அந்தத் தாயிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் மேல் அதில் ஒரு குற்றமும் இல்லை.

அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: முதல் தடவை நோயைக் கண்டுபிடித்தது மருத்துவர், திரும்பி வரும்போது அதை முதலில் அறிபவர்கள் நீங்கள். எந்த மருத்துவமனைக்குள் நுழைந்தாலும், அழுகிறாள், வாந்தி எடுக்கிறாள் என்று தொடங்காதீர்கள். "இவளுக்கு இரண்டு முறை குடல் செருகல் வந்து நீரேற்றிச் சரிசெய்திருக்கிறது, இன்று இத்தனை மணிக்கு அதே அறிகுறி தொடங்கியது, உடனே வயிற்று ஸ்கேன் எடுங்கள்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இன்டஸ்ஸசெப்ஷன் என்ற பெயரையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து, உங்களிடமும் மனைவியிடமும் பாட்டியிடமும் இருக்கும்படி செய்யுங்கள். சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து பால், தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் தராதீர்கள். மயக்க மருந்து தேவைப்பட்டால் காலி வயிறு பாதுகாப்பு. வலி மருந்தோ எனிமாவோ வீட்டில் வேண்டாம். ஸ்கேனும் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரும் இரவிலும் இருக்கும் இடத்துக்கே நேராகச் செல்லுங்கள். குழந்தை துவண்டிருந்தால் 108-ஐ அழையுங்கள், அல்லது மிக அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் நரம்பில் திரவம் ஏற்றத் தொடங்கிவிட்டுப் பயணத்தைத் தொடருங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான், ஆனால் விடுமுறை மாலைகளில் அரியாங்குப்பம் தாண்டுவதற்கே எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

உங்கள் மனைவி, தான் கொடுத்த ராகிக் கூழாலோ வாழைப்பழத்தாலோ தூளியில் வேகமாக ஆட்டியதாலோ வந்ததா என்று அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்: இல்லை. இந்த வயதுக்குரிய இணை உணவை நிறுத்த வேண்டியதில்லை, தூளியையும் அவிழ்க்க வேண்டியதில்லை. மறுவரவைத் தடுக்க வீட்டில் செய்யக்கூடியது என்று நிரூபிக்கப்பட்ட எதுவும் இல்லை, ஆகவே செய்யாமல் விட்டதும் எதுவும் இல்லை. நீரேற்றும் சமயத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் மறுவரவு குறையலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா இடத்திலும் வழக்கமாகத் தரும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை.

தடுப்பூசி பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் 1998-ல் வந்த முதல் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து, குடல் செருகலோடு தொடர்புபடுத்தப்பட்டு 1999-ல் திரும்பப் பெறப்பட்டது. அந்தச் செய்தி இன்னும் பல வடிவங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் 2016 முதல் அரசுத் திட்டத்தில் தரப்பட்டது வேறு மருந்து. நாட்டின் பல மருத்துவமனைகளில் கண்காணித்ததில் அதனால் செருகல் கூடியதாகத் தெரியவில்லை. உங்கள் மகளுக்கு 6, 10, 14 வாரங்களில் அது முடிந்திருக்கும். குடல் செருகல் வந்த குழந்தைக்கு அதற்குப் பின் ரோட்டா சொட்டு மருந்து தரக்கூடாது என்பது மட்டுமே விதி. ஒன்பது மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியை இதைக் காரணமாக வைத்துத் தள்ளிப் போடாதீர்கள்.

காதுகுத்துக்குப் போகலாம். அடுத்த மாதம் என்றால் முதல் சில நாட்களின் ஆபத்து கடந்திருக்கும், குழந்தை நன்றாகச் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தால் தடுக்கக் காரணம் இல்லை. போவதற்கு முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: காட்டுமன்னார்கோயிலிலிருந்து உங்களுக்குப் பக்கம் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே இரவு நேரத்தில் குழந்தைக்கு ஸ்கேனும் நீரேற்றும் சிகிச்சையும் கிடைக்குமா என்று பகலிலேயே விசாரித்து, இல்லையென்றால் நேராகப் புதுச்சேரிக்குத்தான் என்று முடிவு செய்து, வண்டி ஓட்டப் போகிறவரிடமும் சொல்லி வையுங்கள். டிஸ்சார்ஜ் அட்டை குழந்தையின் துணிப் பையிலேயே இருக்கட்டும்.